களிமண் தொட்டியில் செங்கல்

போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு நண்பன் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினான். கூடவே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஒரு சிமென்ட் தொட்டி, அதில் பாதிவரை உடைந்த செங்கல், மேலே கால் ஒடிந்த ஸ்டூல். என்னடா இது என்று கேட்கப் போனவன், பின்சுவரில் தெறித்துக் காய்ந்திருந்த பிளாஸ்டர் கறையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் முழங்கை வரை கையை விட்டு நான் மண் அள்ளிய தொட்டி அது.

நான் படித்த கலைப் பள்ளியில் சிற்பத் துறையை மூடுகிறார்கள். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. உள்ளே இன்னும் இறுதியாண்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், என்னால் அவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது. சென்னையில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். எல்லாரும் நினைத்துக்கொள்ளும் அந்தப் பெரியமேடு அரசு கவின் கலைக் கல்லூரி அல்ல.

வரும் கல்வியாண்டில் சிற்பத்துக்குச் சேர்க்கை கிடையாதாம். அதற்குப் பதிலாக இரண்டாம் ஆண்டில் ‘முப்பரிமாண வடிவமைப்பு’ என்று கம்ப்யூட்டரில் ஒரு தாள் வைப்பார்களாம். சிற்பக் கொட்டகை இருக்கும் இடத்தில் ஏசி போட்ட லேப் வரப் போகிறது. சேருகிறவர்கள் குறைவு, செலவு அதிகம், இடம் வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். அதற்கெல்லாம் வருகிறேன். முதலில் அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளியே இருப்பவர்களுக்கு அதில் என்ன போயிற்று என்று தெரிய வாய்ப்பில்லை.

ஒரு மாணவர் ஆள் உயரத்தில் பாதிக்கு ஓர் உருவம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியும் சவுக்குக் கட்டையும் வைத்துக் கூடு கட்டுவார். மண்ணின் கனத்தில் சரிந்துவிடாமல் இருக்க, சின்னக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி உள்ளே ஆங்காங்கே தொங்கவிடுவார். அதன்மேல் மண் ஏற்றுவார். மூன்று வாரம், நான்கு வாரம் ஆகும். தினமும் மாலையில் ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒருநாள் மறந்தாலும் மறுநாள் விரல்களில் விரிசல் விட்டிருக்கும். உருவம் முடிந்ததும் பிளாஸ்டரில் மோல்டு, அதாவது அச்சு, எடுப்போம். சிலையைப் பிறகு அந்த அச்சுக்குள்தான் வார்ப்போம். மோல்டைத் திறந்த பிறகு உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணைத் தோண்டியெடுத்து மறுபடி தொட்டியில் போடுவோம். தண்ணீர் தெளித்து, மிதித்து, பிளாஸ்டர் துண்டுகளைப் பொறுக்கி, கோணிச் சாக்கால் மூடி வைப்போம். அடுத்த பேட்ச் வந்து அதே மண்ணை எடுக்கும்.

மண்ணுக்கு வயதாக ஆக நன்றாக இழையும். புதுமண் விரலோடு பிய்ந்து வரும், பழைய மண் சொன்னபடி கேட்கும். எங்கள் தொட்டியில் இருந்தது எத்தனை வருடத்து மண் என்று எங்கள் வாத்தியாருக்கே தெரியாது. அவர் மாணவராகச் சேர்ந்தபோதே தொட்டி நிறைந்திருந்ததாம். அவர் செய்த முகம், அவருக்கு முன்னால் யாரோ செய்த முகம், நான் செய்த என் அம்மாவின் முகம், எல்லாம் ஒரே மண்ணில் எழுந்து அதற்குள்ளேயே திரும்பப் போனவை. அந்த மண்ணை மினி லாரியில் ஏற்றி எங்கேயோ கொட்டிவிட்டார்கள். விலை போட்டுப் பார்த்தால் சில ஆயிரம் ரூபாய்கூட இருக்காது. அதனால்தான் யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எழுதிப் படிக்கிற பாடம் என்றால் இன்று நிறுத்திவிட்டு ஐந்து வருடம் கழித்து மறுபடி தொடங்கலாம். புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கும். பட்டறை அப்படிக் காத்திருக்காது. எங்கள் கொட்டகையில் ஒரு அண்ணன் இருந்தார். பதவிப் பெயர் உதவியாளர். மோல்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மேலே சின்னச் சின்னத் திட்டுகளாக நிற்கும்போது தூவுவதை நிறுத்த வேண்டும். குமிழி வராமல் அடியில் கைவிட்டுக் கலக்க வேண்டும். முதல் பூச்சில் மட்டும் கொஞ்சம் நீலப்பொடி சேர்க்கச் சொல்வார். பின்னால் சிலையை வார்த்து முடித்து உளியால் மோல்டைத் தட்டி உடைக்கும்போது நீலம் தெரிந்தால், சிலை பக்கத்தில் வந்துவிட்டது, கையை மெதுவாக்கு என்று அர்த்தம். இதை எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் சோறு சாப்பிடுவது இதனால்தான். சினிமா செட்டில் தூண் வார்க்கும்போதும் சரி, கோயில் கோபுரத்தில் உடைந்த சுதைக் கை ஒன்றைப் பார்த்துப் புதுக்கை செய்யும்போதும் சரி, அந்த அண்ணனின் குரல்தான் காதில் கேட்கும். அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆளைக்கூட வைக்காமல் கதவைச் சாத்துகிறார்கள்.

இந்த நகரத்தில் சிற்பம் எப்படி வந்தது என்று பாருங்கள். அந்தப் பெரியமேடு கல்லூரியை 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வந்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். மெரினாவில் பாறையைப் புரட்டும் நான்கு பேர், நாம் எல்லாரும் பேருந்து ஜன்னலில் இருந்து பார்த்து வளர்ந்த உழைப்பாளர் சிலை, 1959-இல் அவர் கையிலிருந்து வந்தது. கல்லூரியின் காவலாளியும் ஒரு மாணவரும் அதற்கு மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வார்கள். கடற்கரைக் காந்தியும் அவர் செய்ததே. அவரிடம் படித்தவர் தனபால். ஓவியராகத் தொடங்கிச் சிற்பியானவர், பெரியாரை எதிரில் வைத்துப் பார்த்துச் செய்தவர், 1970-களில் அதே கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். அந்த வளாகத்தில் இருந்துதான் செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து உருவம் எழுப்பிய ஜானகிராம் வந்தார். கேரளத்தில் மலம்புழா அணையருகே மலை மாதிரி உட்கார்ந்திருக்கும் யட்சியைச் செய்த கானாயி குஞ்ஞிராமனும் இங்கே படித்துவிட்டுப் போனவர்தான். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்நின்று ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது போனவர்களில் சிற்பிகளும் இருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று, ஒரே தொட்டியில் மண் எடுத்து, ஒருவர் வேலையை ஒருவர் பார்த்து வந்த வரிசை இது. இவர்களில் யாருக்கும் காலியான அறை கிடைக்கவில்லை. முன்னால் இருந்தவர் ஒரு பட்டறையை விட்டுவைத்திருந்தார்.

‘அதற்குத்தான் மாமல்லபுரம் இருக்கிறதே’ என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். மாமல்லபுரம் அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957-இல் வந்தது. கணபதி ஸ்தபதி அங்கே தலைமை வகித்தவர். குமரி முனையில் 133 அடியில் நிற்கும் வள்ளுவர் அவருடைய வேலை. அந்தக் கல்வியின் முன் எனக்குக் கைகூப்பத்தான் தோன்றும். ஆனால் அங்கே கற்பது வேறு. அங்கே அளவு முதலில் வரும். முகத்தின் நீளத்தை ஒரு தாலமாக வைத்து, இத்தனை தாலத்தில் இந்தத் தெய்வம் என்று நூல் சொல்லும், கை அதைக் கல்லில் இறக்கும். எங்கள் கொட்டகையில் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் முதலில். பூக்காரம்மாவோ, ரிட்டயர்டான தபால்காரரோ, யாராக இருந்தாலும் அவருடைய தோள் ஏன் ஒருபக்கம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எத்தனை வருடம் எந்தச் சுமையைத் தூக்கினால் தோள் அப்படி இறங்கும் என்று கை யோசிக்க வேண்டும். ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்பது, பரதம் இருக்கிறதே, கூத்து எதற்கு என்று கேட்பது போல.

கம்ப்யூட்டரை நான் எதிர்க்கவில்லை. பெரிய வேலை வந்தால் ஓர் அடி உயரத்தில் மண்ணில் மாதிரி செய்து, அதை ஸ்கேன் எடுத்து, தெர்மாகோலில் மிஷினை வைத்து வெட்டச் சொல்கிறேன். ஒரு மாத வேலை நான்கு நாளில் முடிகிறது, நல்லதுதான். ஆனால் திரையில் எடை என்று ஒன்று கிடையாது. ஒரு காலில் நிற்கிற உருவத்தைத் திரையில் எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம், விழாது. கொட்டகையில் விழும். என்னுடையது முதல் வருடம் இரண்டு முறை விழுந்தது. இடுப்பு எந்தப் பக்கம் போனால் தலை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. என்னிடம் வேலைக்கு வரும் கிராபிக்ஸ் பிள்ளைகளில் மண்ணைத் தொட்டவர் யார், தொடாதவர் யார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தொட்டவர்கள் செய்யும் உருவம் தரையில் நிற்கும்.

சேர்க்கை குறைவு என்பது உண்மை, மறைக்கவில்லை. ஏன் குறைந்தது? பல வருடமாக நிரந்தர ஆசிரியர் கிடையாது, தொகுப்பூதியத்தில் வருகிறவர்கள் எப்போது போவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. வெல்டிங் மிஷின் ரிப்பேராகி மூலையில் கிடக்கிறது. சேர்க்கை நாளில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களே ‘சிற்பமா, வேலை கிடைக்காதே, டிசைன் எடுத்துக்கோ’ என்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் ‘கனமான வேலைம்மா, உன்னால் முடியாது’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். சித்தாள் வேலையில் நாள் முழுக்கச் செங்கல் சுமக்கும் பெண்களைப் பார்த்து இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டுச் செடி வாடிவிட்டது, பிடுங்குகிறோம் என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

என் ஜூனியர் ஒருவன் புதுக்கோட்டைப் பக்கம், மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுப் பையன். தாத்தா அய்யனார் கோயிலுக்குப் புரவி, அதாவது மண் குதிரை, செய்கிறவர். தியரி தாளில் அரியர் மேல் அரியர், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். முதல் தடவை நாங்கள் சுடுவதற்குச் செய்த உருவங்களைப் பார்த்துவிட்டு, ‘அண்ணே, இது வெடிச்சிரும்’ என்றான். நாங்கள் கேட்கவில்லை. சூளையில் ஆறில் நான்கு வெடித்தது. அடுத்த முறை அவனே மண்ணில் மணலும் உமியும் கலந்து, எவ்வளவு கலக்க வேண்டும் என்று கையால் அமுக்கிப் பார்த்துச் சொன்னான். உருவத்தின் உள்ளே வெற்றிடமாக விட்டு, சுவர் எங்கும் ஒரே கனத்தில் இருக்கும்படி எழுப்பச் சொன்னான். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வாத்தியார் அவனை முன்னால் கூப்பிட்டு, ‘இனி சூளைக்கு நீதான் வாத்தியார்’ என்றார். அவன் முகத்தை நான் மறக்கவில்லை. தலைமுறையாகக் கையில் வந்த அறிவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மரியாதை கிடைத்ததை நான் பார்த்தது அந்த ஒரு கொட்டகையில்தான். ஏசி லேப் வந்த பிறகு அந்தப் பையன் மாதிரி ஒருவன் எந்த வாசல் வழியாக உள்ளே வருவான்?

இத்தனைக்கும் தமிழ்நாடு சிலைகளோடு வாழும் நாடு. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டுக்காகக் கடற்கரையில் வரிசையாகச் சிலை வைத்தோம். தெருமுனை தோறும் தலைவர்கள் நிற்கிறார்கள். பிறந்தநாளுக்கு மாலை போடுகிறோம், ஒரு சிலைக்கு அவமதிப்பு என்றால் ஊரே கொதிக்கிறது. அதே தெருமுனைகளில், கீழே பெயரைப் படித்தால்தான் யார் என்று தெரிகிற சிலைகளும் நிற்கின்றன. அம்பேத்கரின் நெற்றி எப்படி இருக்கும், காமராஜரின் தோள் எவ்வளவு அகலம் என்று பார்த்துச் செய்ய நேரமும் பயிற்சியும் கொடுக்கப்படாத யாரோ ஒருவர் செய்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாம்தான் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பழைய மாணவர்கள் பலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இன்னும் போடாதவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். சேர்க்கையை ஒரு வருடம்கூட நிறுத்த வேண்டாம். லேப் வரட்டும், கொட்டகைக்குப் பக்கத்தில் வரட்டும். அந்த அண்ணன் ஓய்வு பெறுவதற்குள் அவரோடு இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவிடுங்கள். வெல்டிங் மிஷினை நாங்களே ரிப்பேர் செய்து தருகிறோம். கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்கிறவர்களிடம் பேசி தொட்டிக்கு மண்ணும் கொண்டுவருகிறேன், புது மண்ணாக இருந்தாலும் பரவாயில்லை.

அதற்கெல்லாம் முன்னால் அவசரமாக ஒன்று. கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இறுதியாண்டுப் பிள்ளைகள் டிஸ்ப்ளேக்குச் செய்துகொண்டிருந்த நான்கு உருவங்கள் மோல்டு எடுக்காமல் மண்ணாகவே நிற்கின்றன. கத்திரி வெயில், மேலே தகரக் கூரை. அந்த அண்ணன் தினமும் காலையில் பின்பக்கம் போய், ஜன்னல் கம்பி வழியாகச் செடிக்குத் தெளிக்கும் பம்பை நீட்டித் தண்ணீர் அடித்துவிட்டு வருகிறார். முன்னால் இருக்கும் இரண்டுக்கு எட்டுகிறது. பின்னால் இருக்கும் இரண்டுக்கு எட்டவில்லை என்று நேற்று சொன்னார். துறையைப் பற்றிய முடிவை எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். சாவியை மட்டும் நாளைக் காலையில் அவர் கையில் கொடுங்கள்.