டிபிஐ-யை 300 என்று மாற்றினால் படம் தெளிந்துவிடாது

கடலூர் தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கு டி-ஷர்ட் அடிக்கப் படம் கேட்டவருக்கு, "எந்தப் படமானாலும் போட்டோஷாப்பில் டிபிஐ-யை 300 ஆக்கினால் போதும்" என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். தவறு. அங்குலத்துக்கு எத்தனை புள்ளி (பிக்சல்) என்ற கணக்குதான் டிபிஐ. இல்லாத புள்ளியை அது உண்டாக்காது. 1080 பிக்சல் அகலப் படத்தை மார்பில் 12 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்குக் கிடைப்பது 90தான். வலுக்கட்டாயமாக 3600 பிக்சலாகப் பெருக்கினால், மென்பொருள் இடைவெளிகளை ஊகித்து நிரப்பும். எழுத்தின் ஓரமெல்லாம் பஞ்சாகப் பிரிந்து நிற்கும்.

வரைபவர் முதலிலேயே 3600 பிக்சல் அகலத்தில் கோப்பைத் தொடங்கட்டும். புகைப்படமாக இருந்தால் 200 டிபிஐ-யே துணிக்குத் தாராளம், 300 என்று அடம்பிடிக்க வேண்டாம். ஊர்ப்பெயரை மட்டும் வெக்டராக, அதாவது எவ்வளவு பெருக்கினாலும் உடையாத கோட்டு வடிவமாக வைத்து, எழுத்துரு தேவைப்படாத அவுட்லைனாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால், அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி, 'தேவனாம்பட்டினம்' வேறு ஏதோ ஊராகிவிடும்!

புதுச்சேரி அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பிச் சுருங்கவிடாமல் டாகுமென்டாக அனுப்புங்கள். படம் மட்டும் பின்னணி நீக்கிய பிஎன்ஜி கோப்பாக இருக்கட்டும். ஜேபெக் என்றால் பின்னணி வெறுமையாக நிற்காது, கறுப்புத் துணியில் சாமி படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டமும் சேர்ந்தே அச்சாகும்.