கப்பலில் டிப்ஸை எடுத்துவிடச் சொல்லும் யோசனை வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கங்களிலிருந்து கப்பல் சுற்றுலா போகிறவர்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் கப்பல் பிடித்து, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்தில், அவர்களோடு சேர்ந்து அலாஸ்காவுக்கோ பஹாமாஸுக்கோ போய் வருகிறவர்கள் இன்னொரு பக்கம். போய் வந்தவர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சொல்லும் யோசனைகள் பலவும் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவுகின்றன. ஆனால் ஒரு யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "கடைசி நாள் ராத்திரி கவுண்டர்ல போய் டிப்ஸை எடுத்துவிடச் சொல்லுங்க, கேள்வி கேக்காம எடுத்துருவாங்க, இருபதாயிரம் மிச்சம்" என்று எழுதுகிறார்கள். அதற்குக் கீழே நன்றிகள் வரிசையாக விழுகின்றன. இது சாமர்த்தியம் இல்லை. ஒரு வாரம் நமக்காக உழைத்தவரின் வருமானத்தில் கை வைப்பது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கப்பல்களில் இந்த முறை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சந்தையைச் சேர்ந்த பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும், ஒரு பயணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் என்ற பெயரில் அறைக் கணக்கில் தாமாகவே சேர்த்துவிடுகின்றன. பெரிய அறை எடுத்தவர்களுக்கு இதைவிடக் கூடும். பிள்ளைகளுக்கும் பெரும்பாலான நிறுவனங்களில் இதே கணக்குதான். நாளைக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், கணவன் மனைவி இருவருக்கு 7 இரவுகளுக்கு 252 டாலர் ஆகிறது. நம் பணத்தில் 20,000 ரூபாயைத் தாண்டிவிடும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அதில் இரட்டிப்பு. டிக்கெட் வாங்கும்போது இதைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கடைசி நாள் காலையில் ரசீதில் பார்க்கும்போது வயிறு எரிவது இயல்பு. அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. அதை யார் மேல் காட்டுகிறோம் என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்தப் பணம் நம் அறையைச் சுத்தம் செய்கிறவருக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர்களுக்கும், நம் கண்ணிலேயே படாமல் சலவைப் பகுதியிலும் சமையல் கூடத்திலும் வேலை பார்க்கிறவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. மயாமியில் பயணிகளை ஏற்றினாலும், வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பலின் ஊழியருக்கு அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நாளொன்றுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் என்பதை வேலைக்கு உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. உச்ச வரம்பே அவ்வளவு என்றால், அங்கே வேலை எப்படி இருக்கும் என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம். கரையில் எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இல்லை அது; ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஒப்பந்தம் முடியும்வரை வீட்டைப் பார்க்காமல் செய்கிற வேலை.

"கம்பெனி சம்பளம் கொடுக்கட்டுமே, நாம எதுக்குக் கொடுக்கணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால், ஊழியரின் வருமானத்தை முழுவதுமாகக் கட்டணத்திலேயே சேர்த்து வாங்குவதுதான் நேர்மையான வழி. அப்படிச் செய்ய முடியாது என்றும் இல்லை. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019-இல் தினசரி டிப்ஸ் சேர்ப்பதை நிறுத்தியது. வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலும் 2025 வரை டிப்ஸ் கட்டணத்திலேயே அடக்கமாக இருந்தது. இந்த முறை பிடிக்காதவர்கள் அப்படிப்பட்ட கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவே நிறுவனங்களுக்கு உறைக்கிற மறுப்பு. டிப்ஸ் முறையில் ஓடும் கப்பலில் ஏறி, எல்லாச் சேவையையும் வாங்கிக்கொண்டு, கடைசி இரவில் கவுண்டருக்குப் போய் அந்தத் தொகையை நீக்கச் சொன்னால் நிறுவனத்துக்கு ஒரு காசு குறைவதில்லை. குறைகிறதெல்லாம் நம் படுக்கையை விரித்துப் போட்டவருக்குத்தான்.

அவர் எங்கோ பிலிப்பைன்ஸிலோ இந்தோனேசியாவிலோ இருப்பவர், நமக்கென்ன என்று நினைக்கவும் இடமில்லை. கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போகும் பையன்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அறை உதவியாளராக இருக்கிறார். போன விடுமுறையில் வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கப்பல் கிளம்புகிற நாளைப் பற்றிக் கேட்டேன். "காலைல பழைய ஆளுங்க இறங்குவாங்க அண்ணே, மத்தியானம் புது ஆளுங்க ஏறிருவாங்க. நடுவுல உள்ள நேரத்துல என் பொறுப்புல இருக்குற எல்லா ரூமுக்கும் விரிப்பு, துண்டு, பாத்ரூம் எல்லாம் மாத்தி முடிக்கணும். அது முடியறதுக்குள்ள பெட்டிங்க வந்து குவிஞ்சிரும். நம்பர் பாத்துப் பிரிச்சு ஒவ்வொரு கதவுக்கும் இழுத்துக்கிட்டுப் போகணும்" என்றார். பேசிக்கொண்டே வலது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். பெட்டிக் கைப்பிடி அழுத்தி அழுத்தி, விரல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாகக் காய்த்துப் போயிருந்தது. யாராவது டிப்ஸை நீக்கச் சொன்னால் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் அண்ணே. ஆனா மொகத்துல காட்டக் கூடாது" என்றார்.

"கணக்கில் எடுத்துவிட்டு, நல்லா வேலை பார்த்தவர் கையில் நானே நேரில் கொடுத்துவிடுவேன்" என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பயணி கணக்கிலிருந்து டிப்ஸை நீக்கியிருந்தால், அவர் கையில் கொடுத்த பணத்தையும் ஊழியர் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற விதி சில நிறுவனங்களில் உண்டு. அப்படி இல்லாத கப்பலிலும், சலவைப் பகுதியில் நம் துண்டைத் துவைத்தவர் கைக்கு நாம் எப்படிப் போவோம்? கணக்கில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு, தனிப்பட்ட முறையில் மனதுக்குப் பட்டதை மேலே கொடுப்பதே சரியான வழி. நம் கல்யாண வீடுகளில் சமையல் மேஸ்திரிக்குப் பேசிய கூலியைக் குறைத்துவிட்டு, அந்தப் பணத்தை எடுத்து இலை போட்ட பையனுக்குக் கொடுக்கிறேன் என்று யாரும் சொல்வதில்லையே. பேசியது பேசியபடி, அதற்கு மேல் கொடுப்பது நம் விருப்பம்.

என் வருத்தமெல்லாம் இதை முன்கூட்டியே சொல்லாத பயண ஏற்பாட்டாளர்கள் மேல்தான். எங்கள் உறவில் ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "எல்லாம் சேர்த்துத்தான், கையில காசே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கப்பல் சாப்பாடு சேர்த்திதான். ஆனால் டிப்ஸ் சேர்த்தி இல்லை, குளிர்பானமும் இணைய வசதியும் சேர்த்தி இல்லை, கரையில் சுற்றிப் பார்க்கும் செலவும் சேர்த்தி இல்லை. ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர் இது. போகும் முன்பே டிப்ஸ் என்று ஒரு செலவுத் தலைப்புப் போட்டு, ஆள் கணக்கு, நாள் கணக்குப் பார்த்துப் பணத்தை ஒதுக்கி வைப்பது நமக்கு ஒரு பெரிய காரியம் இல்லை. பல நிறுவனங்களில் பயணத்துக்கு முன்பே இந்தத் தொகையைச் செலுத்திவிடவும் முடியும். அப்படிச் செலுத்திவிட்டால் கடைசி நாளில் அதிர்ச்சியும் இல்லை, மன உளைச்சலும் இல்லை. ஏற்பாட்டாளரிடம் "டிப்ஸ் கட்டணத்தில் அடக்கமா, தனியா, தனி என்றால் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரசீதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கப்பலில் காசு கொடுத்து வாங்கும் பானங்களுக்குப் பெரும்பாலும் 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடும் தாளில் அதற்குக் கீழே, கூடுதல் டிப்ஸ் என்று ஒரு வெற்று வரியும் இருக்கும். அது கட்டாயம் என்று நினைத்துப் பயந்துகொண்டு எழுத வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கச் சொல்கிற நான், தெரியாமல் இரண்டு முறை கொடுப்பதையும் விரும்பவில்லை.

இனிப் பெட்டிகளுக்கு வருகிறேன். டிப்ஸைப் பற்றிய குழப்பம் அங்கேதான் ஆரம்பமாகிறது. கப்பல் ஏறும் நாளில் துறைமுக வாசலில் வண்டி நின்றதுமே சுமைப் பணியாளர்கள் வந்து பெட்டியைக் கேட்பார்கள். நம் பெரியவர்கள் பலர் கொடுக்க மறுக்கிறார்கள். ரஜுலா கப்பலின் மேல்தட்டில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மலேயாவுக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். முன்பின் தெரியாதவரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்க அவர்களுக்கு மனம் வராது. ஆனால் தாராளமாகக் கொடுக்கலாம். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில், அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 5,610 பேர் பயணம் செய்யலாம். அத்தனை பேரும் ஆளுக்கொரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறினால் மின்தூக்கி எதற்குக் காணும்? அறை எண் அச்சிட்ட அட்டையை வீட்டிலேயே அச்செடுத்து, மடித்து, கைப்பிடியில் சுற்றி நன்றாகப் பின் அடித்துவிட வேண்டும். உள்ளே ஒரு தாளிலும் பெயரையும் கப்பல் பெயரையும் அறை எண்ணையும் எழுதி வைத்துவிட்டால், வெளி அட்டை கிழிந்தாலும் கவலை இல்லை.

அமெரிக்கத் துறைமுகங்களில் அந்தப் பணியாளர்கள் கப்பல் ஊழியர்கள் இல்லை, துறைமுகத் தொழிலாளர்கள். கணக்கில் சேரும் டிப்ஸ் அவர்களுக்குப் போகாது. பெட்டிக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர் கையில் கொடுப்பது அங்கே வழக்கம். இதற்காகவே ஊரில் பணம் மாற்றும்போது ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். நூறு டாலர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கொடுத்த பெட்டி உடனே வராது. ஊடுகதிர்ச் சோதனை முடிந்து, இரும்புக் கூண்டுகளில் ஏறி, அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகும். சில நாள் கப்பல் கிளம்பிய பிறகுதான் வரும். ஆகவே பாஸ்போர்ட், பணம், நகை, சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, ஒரு மாற்று உடை ஆகியவை தோளில் மாட்டும் பையில்தான் இருக்க வேண்டும். இதில் மாத்திரையைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள்.

இராத்திரி வரையிலும் பெட்டி வரவில்லை என்றால், பெரும்பாலும் அது பாதுகாப்பு அறையில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சியின் பெட்டி அப்படித்தான் நின்றுவிட்டது. மூடியைத் திறந்ததும் மேலேயே, பழைய வேட்டித் துணியில் சுற்றிய சின்ன ரைஸ் குக்கர். அதன் உள்பாத்திரத்துக்குள் பருப்புப் பொடியும், இட்லி மிளகாய்ப் பொடியும், தேன்குழலும் பொட்டலம் பொட்டலமாக அடைத்திருந்தன. வெளியூர் போனால் வாய்க்கு ஒத்த சாப்பாடு கிடைக்காதே என்ற பயத்தில் செய்தது. அதில் பிழை சொல்ல எதுவுமில்லை. ஆனால் சூடேற்றும் சாதனம் எதையும் கப்பலில் விடமாட்டார்கள். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாமே தீ அபாயத்தின் காரணமாகத் தடைதான். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடமில்லை. வீட்டில் செய்த தின்பண்டத்தைப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. பிரிக்காத கடைப் பாக்கெட் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். குக்கரை வாங்கி வைத்துக்கொண்டு, சீட்டுக் கொடுத்து, இறங்கும் நாளில் திருப்பித் தந்துவிட்டார்கள்.

இறங்குவதற்கு முந்திய இரவு, கொடுத்த வண்ண அட்டையைக் கட்டிப் பெட்டியை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் துறைமுகக் கூடத்தில் அதே வண்ணத்தின் கீழ் அடுக்கியிருப்பார்கள். காலையில் உடுத்தும் துணியை முதலிலேயே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். ஜப்பானில் கரை இறங்கி உணவகத்தில் டிப்ஸ் வைத்தால், மறந்து விட்டுப் போனதாக நினைத்துப் பின்னாலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். வற்புறுத்தித் திணிப்பது அங்கே மரியாதை ஆகாது. சிங்கப்பூரில் உணவகங்கள் பலவற்றில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் ரசீதிலேயே வந்துவிடும்; தனியாக எதிர்பார்க்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் அப்படி எதிர்பார்ப்பு இல்லை. பிரான்ஸில் சேவை விலையில் அடக்கம். சில்லறையை விட்டு வந்தால் போதும். அமெரிக்காவில் மட்டும் உணவகத்தில் 18 முதல் 20 சதவீதம் வரை கொடுத்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அங்கே மத்தியச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி 1991-இலிருந்து மணிக்கு 2.13 டாலர்தான். மாநிலத்துக்கு மாநிலம் இது கூடுவதும் உண்டு.

சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அறை சுத்தமாக இல்லை, கேட்டது வரவில்லை என்றால் அன்றைக்கே கவுண்டருக்குப் போய்ச் சொல்லுங்கள். சரிசெய்ய அவர்களுக்கும் நாள் இருக்கும், நாமும் மீதி நாட்களை நிம்மதியாகக் கழிக்கலாம். சொல்லியும் சரியாகவில்லை என்றால், காரணத்தைச் சொல்லி அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கக் கேட்பதில் தவறு இல்லை. அந்த வசதி அதற்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு குறையும் சொல்லாமல் ஏழு நாளும் சிரித்துப் பேசியிருந்துவிட்டுக் கடைசி இரவில் வரிசையில் போய் நிற்கச் சொல்லும் அந்த வாட்ஸ்அப் செய்தியை, அடுத்த முறை வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.