அந்த ஸ்லைடில் இருந்தவர் முசாஷி இல்லை

வியாழக்கிழமைப் பயிற்சி வகுப்பில் நடந்ததைப் பற்றி உங்களில் பாதிப் பேர் நேற்றே விசாரித்துவிட்டீர்கள். "செத்துப்போன சாமுராய்க்காக இவ்வளவு கோபமா?" என்று கேட்டுச் சிரிப்பு பொம்மை வேறு. ஆமாம், கோபம்தான்.

ஸ்லைடில் இருந்த கதை இது. 17ஆம் நூற்றாண்டு ஜப்பானிய வாள் வீரர் மியாமோட்டோ முசாஷி, ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு வேண்டுமென்றே தாமதமாகக் கன்ரியூ தீவுக்குப் போனார். காத்திருந்து காத்திருந்து கடுப்பான எதிராளி சசாக்கி கோஜிரோவை, படகுத் துடுப்பில் செதுக்கிய மரவாளால் அடித்துச் சாய்த்தார். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது: எதிராளியைக் காக்க வை. (வகுப்புக்கே பயிற்சியாளர் நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் வந்தார். செய்முறை விளக்கம் போலிருக்கிறது.)

நான் கையைத் தூக்கிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். முசாஷி எழுதியதைப் படியுங்கள். 'ஐந்து வளையங்களின் நூல்' என்று நாம் சொல்கிற அவருடைய நூலில் கோஜிரோ என்ற பெயரே கிடையாது. 1612இல் நடந்ததாகச் சொல்லப்படும் தீவுச் சண்டையும் கிடையாது. அவர் இறந்து 9 வருடம் கழித்து, 1654இல், வளர்ப்பு மகன் இயோரி கொகுராவில் ஒரு கல்வெட்டு வைத்தார். அதில் சண்டை வருகிறது, ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று இருக்கிறது. தாமதத்தை விலாவாரியாகச் சொல்லும் 'நித்தென்கி' என்ற முசாஷி வரலாற்று நூல் 1776இல் தொகுக்கப்பட்டது. ஆள் போய் 131 வருடம். அப்புறம் 1930களில் நாளிதழில் தொடராக வந்த ஒரு நாவல், சினிமாக்கள், கடைசியில் இந்த ஸ்லைடு.

இதைச் சொன்னதற்குப் பயிற்சியாளரிடம் கிடைத்த பதில் உங்களுக்குத் தெரியும். "சார் கூகுள் பண்ணிட்டு வந்திருக்காரு, ஒரு கிளாப்ஸ் குடுங்க." கொடுத்தார்கள். தினமும் என்னோடு டீ குடிக்கிறவரும் கொடுத்தார்.

"கதைதானே, நாலு பேருக்கு உற்சாகம் வந்தால் உனக்கென்ன?" சரி, கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். ஒரு மனிதர் 60 வயதில் குமமோட்டோ பக்கத்து மலைக்குகையில் தொடங்கி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அவர் பெயரில் கூட்டம் நடத்தினால் உற்சாகம் வராது, எனக்கு எரிச்சல்தான் வரும்.

அவர் என்ன எழுதினார்? 13 வயதில் முதல் சண்டை. 28, 29 வயதுக்குள் 60க்கு மேல், ஒன்றிலும் தோற்கவில்லை. நம் ஊக்கப் பேச்சாளர்கள் சரியாக இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் அடுத்து வருவதுதான் விஷயம். 30 தாண்டித் திரும்பிப் பார்த்தேன், நான் ஜெயித்தது கலையின் உச்சிக்குப் போனதால் அல்ல என்கிறார். பிறவித் திறமையாக இருக்கலாம், எதிரில் நின்றவர்களின் கலையில் குறை இருந்திருக்கலாம் என்கிறார். பிறகு காலையும் மாலையும் பயிற்சி செய்து 50 வயது வாக்கில்தான் பிடிபட்டதாம். தன் வெற்றியைத் தானே சந்தேகப்பட்ட ஆளை வெற்றிக்கு விளம்பரப் பொம்மை ஆக்கிவிட்டோம்.

"60 சண்டை என்பதும் அவரே சொன்னதுதானே?" ஆமாம். இருக்கட்டுமே.

"அதே நூலின் நெருப்புப் பகுதியில் எதிரியைக் கடுப்பேற்றச் சொல்கிறாரே?" சொல்கிறார். ஐந்து பகுதிகளில் ஒன்றில், ஒரு சின்னப் பத்தியில். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

மண் பகுதியைப் படியுங்கள். அங்கே அவர் பேசுவது தச்சு வேலையைப் பற்றி. கணுவில்லாமல் நேராக, பார்க்க அழகாக இருக்கிற மரம் முன்தூணுக்கு. கொஞ்சம் கணு இருந்தாலும் நேராக, பலமாக இருப்பது பின்தூணுக்கு. பலம் குறைந்தாலும் கணு இல்லாதது நிலைக்கும் கதவுக்கும். கணுவும் கோணலுமாக ஆனால் பலமாக இருப்பதை, பாரம் எங்கே விழும் என்று பார்த்துப் போடு. ஒன்றுக்கும் தேறாதது சாரத்துக்கு, அப்புறம் விறகுக்கு. வேலை இல்லாத நேரத்தில் கருவிகளைத் தீட்டி வை.

என் அப்பா தச்சர். இதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது உளியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். "யாருப்பா இவரு, நம்ம ஆளா?" என்றார். இல்லை, வாள் வீரர், நிறையப் பேரை வெட்டியவர் என்றேன். "அது கெடக்கட்டும். மரம் தெரிஞ்சவரு."

அப்பா ஒரு நாளும் வேலைக்கு நேரம் தவறிப் போனதில்லை. ஒரு வீட்டுக்கு மொத்த மர வேலையும் முடித்துக் கொடுத்துவிட்டு மீதிக் கூலிக்குப் போனபோது, அந்த வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்துகொண்டே மூன்று மணி நேரம் திண்ணையில் காக்க வைத்தார். நானும் கூட இருந்தேன், எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எதிரே அப்பா இழைத்த கதவு, மூடியிருந்தது. அன்றைக்கும் பணம் தரவில்லை. அதற்கப்புறம் ஏழு தடவை நடந்தார். காக்க வைப்பது சாமர்த்தியம் என்று யாராவது ஸ்லைடு போட்டால் எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணுக்குத் தெரிகிறது. என்ன செய்வது, கூகுள் பண்ணி வந்த கோபம் இல்லை இது.

இன்னொன்று. 1638இல் ஜப்பானின் ஷிமாபாராவில் விவசாயிகள் செய்த கிளர்ச்சியை அடக்கப் போன படையில் முசாஷியும் இருந்தார். கல்லடி பட்டுக் கால் தாங்கவில்லை என்று அவரே கடிதம் எழுதியிருக்கிறார். தோல்வியே அறியாதவருக்குக் கல்லடி! இதை ஏன் எந்த வகுப்பிலும் சொல்வதில்லை? காய்ந்த கிளையின் உச்சியில் கீச்சான் குருவி உட்கார்ந்திருக்க, கீழே கிளையில் ஒரு புழு ஊர்ந்து ஏறுகிற மாதிரி அவர் வரைந்த மை ஓவியம் இருக்கிறதே, அதை ஏன் காட்டுவதில்லை? அதைப் பார்த்து யாரும் இலக்கை எட்டப்போவதில்லை, அதனால்தான்.

திங்கட்கிழமை காலை 10 மணிக்கு இரண்டாவது அமர்வு. இந்தத் தடவை பழைய சீனப் போர்த் தந்திர நூலாசிரியர் சுன் சூவாம். பாவம் அந்த மனிதர்.