கமலாவின் இன்னொரு சொந்தபந்தம்

2020 ஆகஸ்டில், துணை அதிபர் வேட்பாளராகப் பேசும்போது கமலா ஹாரிஸ் தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கிக்கொண்டே போனார். அதில் 'சித்திகள்' வந்ததும் நம் பக்கம் ஒரே கொண்டாட்டம். அவருடைய அம்மாவழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர், கோயிலில் அபிஷேகம் என்று அந்த வருடம் முழுக்க டிவிக்காரர்களுக்கும் நல்ல வேலை. அதே பேச்சில், சித்திகளுக்கு இரண்டு வரி தள்ளி, 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்ற பெண்கள் சங்கமும் என் குடும்பம் என்றார். அதை நம்மில் பெரும்பாலோர் கண்டுகொள்ளவே இல்லை. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது. பிரச்சார நிதிக்கு 19.08 டாலர், 19.08 டாலர் என்று நன்கொடைகள் வந்து விழுந்தன. அந்தச் சங்கம் தொடங்கிய ஆண்டு 1908.

அந்த மேடைவரை அவரைக் கொண்டுவந்ததில் சித்திகளைவிட இந்த அக்காமார்களுக்குத்தான் பங்கு அதிகம் என்பேன். கோபப்படுகிறவர்கள் கோபப்படலாம்.

வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தொடங்கிய சொராரிட்டி, அதாவது மாணவியர் சகோதரிச் சங்கம் இது. நம் கல்லூரி மாணவர் மன்றம் மாதிரி டிகிரி வாங்கியதும் முடிந்துபோகிற உறவு கிடையாது. ஒருமுறை சேர்ந்தால் சாகும்வரை உறுப்பினர்தான். வேலை, கல்யாணம், ஊர் மாற்றம் எது வந்தாலும் போகிற ஊரில் ஒரு கிளை இருக்கும். இளஞ்சிவப்பும் பச்சையும் அவர்கள் நிறம். கழுத்தில் முத்துமாலை. கமலா 1986-இல் ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தார்.

இணையத்தில் இவர்களுடைய புகழ்பெற்ற உறுப்பினர்கள் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ், கவிஞர் மாயா ஏஞ்சலோ, விண்வெளிக்குப் போன மே ஜெமிசன், வெள்ளைக்காரரான, அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் கூட உண்டு. ஆனால் இந்த நான்கு பேருமே கௌரவ உறுப்பினர்கள். ஊர் உலகம் அறிந்த பிறகு மாலை போட்டு அழைத்துக்கொண்டவர்கள். அதில் தப்பில்லை, ஜெமிசனும் 1992-இல் விண்வெளிக்குப் போனபோது சங்கத்தின் கொடியைக் கூடவே எடுத்துப் போனார். ஆனாலும் ஒரு சங்கத்தை எடைபோட, பெயர் தெரியாத வயதில் உள்ளே வந்தவர்களைத்தான் பார்க்க வேண்டும். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் டோனி மாரிசன் அப்படி ஹோவர்டு மாணவியாகச் சேர்ந்தவர். நாசாவின் கணித மேதை கேத்தரின் ஜான்சனும் மேற்கு வர்ஜீனியாவில் கல்லூரியில் படிக்கும்போதே சேர்ந்தவர்.

என்னைக் கேட்டால் பட்டியலில் முதல் பெயர் இவர்கள் யாருமில்லை. டோரத்தி ஃபெரபி என்ற டாக்டர். 1935 கோடையில் செவிலியர், ஆசிரியைகள் என்று சங்கத்துப் பெண்களைத் திரட்டி, சொந்தக் கார்களில் வாஷிங்டனிலிருந்து மிசிசிப்பிக்குக் கிளம்பினார். ஏறக்குறைய ஆயிரம் மைல். வழியில் கறுப்பர்களுக்கு அறை தராத ஹோட்டல்கள்தான் அதிகம். போய்ச் சேர்ந்தால், பருத்தித் தோட்ட முதலாளிகள் குத்தகைக் கூலிகளை மருத்துவ முகாமுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். சரி, அவர்கள் வராவிட்டால் என்ன என்று மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு இவர்களே தோட்டம் தோட்டமாகப் போனார்கள். இவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒட்டுக் கேட்க, துப்பாக்கியோடு கங்காணிகள் குதிரையில் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில்தான் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் பெரியம்மைக்கும் தடுப்பூசி போட்டார்கள். ஒரு வருடக் கூத்து இல்லை, 1942 வரை கோடைதோறும் போனார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பயனடைந்தார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை!

இதற்கு வழிபோட்டவர் அப்போதைய தலைவர் ஐடா ஜாக்சன், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஆசிரியையான முதல் கறுப்பினப் பெண். கமலா பிறந்ததும் அதே ஓக்லாந்துதான்.

குறையே இல்லையா என்றால், உண்டு. படித்த, வசதியான வீட்டுப் பெண்களின் கிளப் என்ற பேச்சு நூறு வருடமாக ஓயவில்லை. அதில் உண்மையும் இருக்கிறது. இந்தச் சங்கங்களில் புதிதாகச் சேர வருகிறவர்களை வதைத்ததாக வழக்குகளும் நடந்திருக்கின்றன. நம் ஊர் ராகிங் மாதிரிதான். சகோதரி என்று கூப்பிட்டுக்கொண்டே செய்கிற வதை என்பதால் எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்புறம், தேர்தல் அரசியலில் முதல் வரிசை என்று பார்த்தால் இவர்கள் முந்திக்கொண்டதாகச் சொல்ல முடியாது. 1913-இல் ஹோவர்டிலேயே 22 பேர் பிரிந்துபோய் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கி, அதே மார்ச்சில் வாக்குரிமை ஊர்வலத்தில் இறங்கினார்கள். அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண், 1972-இல் அதிபர் வேட்பாளராகவும் களமிறங்கிய ஷெர்லி சிஸ்ஹோம், டெல்டாக்காரர். காங்கிரஸ் உறுப்பினராக இருந்த பார்பரா ஜோர்டனும் அப்படியே. அவர்கள் கதையை இதற்குள் திணித்தால் டெல்டாக்காரர்களே சண்டைக்கு வருவார்கள், அதைத் தனியாக எழுதுகிறேன்.