பெயரை வாய்விட்டு வாசியுங்கள்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் சாயங்காலப் பூசையில் நடந்ததை நம்ம பங்குக் கோயில் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இறந்தவர்கள் 180 பேரின் பெயர், 3 நிமிடம். எல்இடி திரையில் ஓடவிட்டு, மேலே பாடகர் குழுவைப் பாடச் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நொடி. அதற்கப்புறம் நன்றியுரையும் பொன்னாடையும் மட்டும் 20 நிமிடம் நடந்தது.

வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட கல்லறைத் திருநாள் பூசைக்கு வருவது எதற்கு? பிரசங்கம் கேட்கவா? தன் வீட்டு ஆளின் பெயரை வாசகப் பீடத்திலிருந்து ஒருவர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்கத்தான் வருகிறார்கள். அந்தப் பூசையில் ஆறுதல் இருக்கிற இடமே அதுதான்.

"நேரமாகுது, வயசானவங்களால உட்கார முடியல" என்கிறீர்கள். ஒரு பெயருக்கு, நடுவில் விடும் மூச்சையும் சேர்த்து, 4 நொடி. 180 பெயருக்கு 12 நிமிடம். அதுவும் அதிகமென்றால் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் சாவு குவிந்தபோது, 1915இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் இந்த ஒரு நாளில் எல்லாக் குருக்களும் மூன்று பூசை வைக்க அனுமதி கொடுத்தார். பங்கின் குடும்பக் குழுக்களான அன்பியவாரியாகப் பிரித்தால் ஒரு பூசைக்கு 60 பெயர், 4 நிமிடம். வயசானவர்களுக்காக என்று சொல்கிறீர்களே, கண்புரை விழுந்த பாட்டி அந்தத் திரையில் எதைப் படித்திருப்பார்?

ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது. அக்டோபர் நடுவிலேயே அன்பியம் மூலமாகச் சீட்டு போக வேண்டும். பெயர், அப்பா அல்லது கணவன் பெயர், இறந்த தேதி, வீட்டில் கூப்பிடும் பெயர், ஒரு போன் நம்பர் போதும். எல்லாம் தமிழில். வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் வாங்கினால் தனம் தானமாகிவிடுவார். ஒரே பங்கில் நாலு ஆரோக்கியமேரி இருப்பார்கள், கணவன் பெயர் இல்லாமல் வாசித்தால் எந்த வீட்டுக்கும் அது தன் ஆளாகத் தோன்றாது. பூசைக்கு ஒரு வாரம் முன்னால் போன் போட்டு, பெயரை அந்தக் குடும்பத்துக்கே வாசித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அந்த வருஷம் இறந்தவர்கள் முதலில். காணிக்கை பார்த்து வரிசை போடவே கூடாது. ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் மாற்றி மாற்றி வாசித்தால் குரல் தளராது. வாசிக்கும்போது கீபோர்டு வேண்டாம். மெழுகுவர்த்தியைப் பெரிய ஈஸ்டர் மெழுகுதிரியான பாஸ்கா திரியிலிருந்து பற்றவைத்து, இரண்டு அங்குலம் மணல் போட்ட தட்டில் நாலு விரல் இடைவெளி விட்டு நட வேண்டும். நெருக்கி நட்டால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வளைந்து விழும். முன்வரிசை மின்விசிறியை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

"ஆறின புண்ணை ஏன் கிளறணும்?" என்று கேட்டவருக்கு: ஆறிவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது? முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் அந்தப் பெயரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பேசினால் அழுவார்களாம். வேறொரு பங்கில் பெயர் வாசித்தபோது ஒரு அம்மா எழுந்து நின்றார். பூசை முடிந்து வெளியே வந்ததும் முன்பின் தெரியாத ஒருவர் அவரிடம் போய், "அம்மா, உங்க பையனும் நானும் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலையில ஒரே ஷிஃப்ட். எனக்கு வெல்டிங் கத்துக் கொடுத்ததே அவர்தான்" என்றார். அந்த அம்மாவுக்கு அதுவரை தெரியாத விஷயம் அது. பெயர் திரையில் ஓடியிருந்தால் அந்த ஆள் எப்படித் திரும்பிப் பார்த்திருப்பார், யாரைப் போய்ப் பார்த்திருப்பார்?

"கடவுளுக்குப் பெயர் தெரியாதா?" தெரியும். பூசையின் நற்கருணை மன்றாட்டிலேயே இறந்தவரைப் பெயர் சொல்லி நினைக்க இடம் விட்டிருக்கிறார்களே, கடவுளுக்குத் தெரியாது என்றா? இறந்தவர்களுக்காக ஜெபிப்பதே தப்பு என்று வாதிட வந்த பிரிந்த சபை (புராட்டஸ்டன்ட்) நண்பர்களோடு இங்கே பேசப் போவதில்லை. அது வேறு பேச்சு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தற்கொலை செய்துகொண்ட பிள்ளையின் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து விட்டுவிடுகிறார்கள். 1917 திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983 சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைக்கும், பெற்றோர் கொடுக்க நினைத்திருந்தால், ஆயர் அனுமதியோடு அடக்கச் சடங்கு உண்டு. பெயர் வைக்கவில்லையென்றால் 'இன்னாருடைய குழந்தை' என்று வாசியுங்கள். அந்தப் பெற்றோர் பட்டது போதாதா? கோயிலும் சேர்ந்து மறைக்க வேண்டுமா?

2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தது இதே சென்னையில்தான். அந்த வருஷம் அடக்கப் பூசையே பார்க்காமல் எத்தனை குடும்பம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது! அவர்களுக்கு இந்த வாசிப்புதான் அடக்கப் பூசை. கீழ்ப்பாக்கம் கல்லறையிலும் இடம் நெருக்கடிதான், பழைய குடும்பக் கல்லறையைத் திறந்துதான் பலரை வைக்கிறார்கள். எல்லாருக்கும் பெயர் பொறித்த தனிக்கல் கிடைப்பதில்லை.

ஃபாதர், நவம்பர் முழுக்கவே இறந்தவர்களுக்கான மாதம். இன்னும் நாள் இருக்கிறது. பட்டியல் பங்கு ஆபீஸில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு சாயங்காலப் பூசையில் அந்த 180 பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க நாங்கள் இரண்டு பேர் தயார், சனிக்கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் போன் போட்டுச் சரிபார்த்துக் கொடுக்கிறோம்.