பிறவியில் வருவதல்ல

“பெண்களுக்குப் பிறவியிலேயே பண்பாட்டு நுண்ணறிவு அதிகம், ஆய்வே சொல்லிவிட்டது” என்று சிலர் எழுதுவது சரியில்லைங்க. பண்பாட்டு நுண்ணறிவு என்றால் வேறு பண்பாட்டு மக்களோடு பொருந்திப் பழகும் திறன். அதை அளக்க 2007-இல் சூன் ஆங் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட அளவுகோலில் 20 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்பவர் தமக்குத் தாமே 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுகிறார். அதில் தெரியும் ஆண், பெண் வித்தியாசத்தில் தன்னைப் பற்றிய கணிப்பும் கலந்திருக்கும். பிறவியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இது பழகப் பழக வருவது என்பதற்கு என் தங்கையே சாட்சி. ஓசூரில் அவள் பூக்காரம்மாவிடம் தெலுங்கில் பேரம் பேசிவிட்டு, திரும்பி ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் வழி சொல்வாள். அதே பெண், கல்லூரி விடுதியில் மணிப்பூர் அறைத்தோழி டப்பாவைத் திறந்தால் மீன் சட்னி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். முதல் மாதம் முழுக்க அப்படித்தான். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, அது எப்படிச் செய்வது என்று கேட்க ஆரம்பித்தாள். இப்போது அவளே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.