"இல்லை" என்று சொன்னவரெல்லாம் பொய்யரா?

புகைப்பழக்கம் பற்றிய நேற்றைய விவாதத்தில் ஒரு மருத்துவர் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். புகைப்பவன் எவனும் சர்வேயில் உண்மை சொல்ல மாட்டானாம், கேட்பதே வீணாம், எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துவிட வேண்டுமாம். அதற்குக் கீழே கமெண்ட்களில் எத்தனை சிரிப்பு! பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

உடம்புக்குள் போன நிக்கோட்டின் சிதைந்து உண்டாகும் பொருள் கோட்டினின். சொன்ன பதிலை ரத்தத்திலோ எச்சிலிலோ உள்ள அதன் அளவோடு ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். பெரும்பாலானவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். மறைப்பது யார் என்று பாருங்கள். தென் கொரியாவின் தேசிய சர்வேயில் ஆண்கள் சொன்னதற்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். பெண்களிடம் பரிசோதனை காட்டியது, அவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்காட்லாந்தில் கர்ப்பிணிகளில் 24 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள், கோட்டினின் சொன்னது 30 என்று 2009இல் வந்த ஆய்வு. பெண்கள் எல்லாம் பொய்யர்கள் என்றா அர்த்தம்? யாருக்குத் திட்டு விழுமோ அவர்கள் மறைக்கிறார்கள், அவ்வளவுதான். பதின்வயதுப் பிள்ளைகளும் பள்ளியில் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வீட்டில் ஒப்புக்கொள்வதில்லை.

என் அக்கா மாசமாக இருந்தபோது, பரிசோதனை அறையில் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். அவள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? "இல்லை" என்றாள், அதையே எழுதிக்கொண்டார்கள். விட வேண்டும் என்று தவித்தவள் அவள். அந்த ஒரு "இல்லை"யால் விடுவதற்கு உதவி செய்ய ஒருவரும் வரவில்லை. அவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க முடியுமா உங்களால்?

சரி, டெஸ்ட்டே எடுத்துவிடலாமே என்பீர்கள். கோட்டினின் சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும், எப்போதாவது புகைப்பவர் தப்பிவிடுவார். சிகரெட்டை விட்டுவிட்டு நிக்கோட்டின் பேட்ச் ஒட்டியிருப்பவரோ மாட்டிக்கொள்வார். எந்த வயதில் தொடங்கினார், எத்தனை முறை விட முயன்றார் என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது, மனுஷனிடம்தான் கேட்டாக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை 10, 20 என்று முழுசாக்கிச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான், அதைக் கணக்கில் சரிசெய்ய வழி உண்டு.

புகைப்பவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். ஆமாம், வாங்குகிறேன். தனியாகக் கூப்பிட்டு, முகம் சுளிக்காமல் கேளுங்கள் என்கிறேன், இது அவ்வளவு பெரிய சலுகையா? அந்த மருத்துவர் பேசியதைக் கேட்ட எத்தனை பேர் இனி அவர் எதிரில் உட்கார்ந்து "ஆமாம் டாக்டர், பிடிக்கிறேன்" என்று சொல்வார்கள்? அதை யோசித்தாரா அவர்?